அடுத்து எதைக் கட்டுவது, எதற்கு வண்ணம் தீட்டுவது? போர் விளையாட்டு மினியேச்சர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுகளில் சில ஆண்டுகள் ஈடுபட்டவர் எவரிடமும், தீட்டி முடித்த மாடல்களுக்கு (படைவீரர்கள், மிருகங்கள், வண்டிகள் ஆகியவற்றின் சிற்றுருவங்களுக்கு) இணையாகவோ அதைவிட அதிகமாகவோ தீட்டாத மாடல்கள் இருக்கும். அந்தக் குவியலிலிருந்து அடுத்ததாக எதைக் கையில் எடுப்பது என்று என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும், நானே பலமுறை எனக்குள் கேட்டுக்கொண்ட கேள்விகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எப்படித் தீட்டுவது என்பதை விளக்குவது இதன் நோக்கமன்று. எதைத் தீட்டுவது என்று முடிவெடுக்க உதவும் அளவுக்கு மட்டும் செய்முறை பற்றிப் பேசியிருக்கிறேன்.

அலமாரி நிறையப் பெட்டிகள் இருக்கின்றன. எந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவது?

"இதை முடித்தால் எது கூடிவரும்?" என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். உங்களிடம் உள்ள ஐந்து வில்லாளர்களை முடித்துவிட்டால் ஒரு சிறு படை முழுமை பெறும் என்றும், அடுத்த முறை நண்பரோடு ஆடும்போது வண்ணமில்லாத மாடல் ஒன்றுகூட மேசையில் இருக்காது என்றும் வைத்துக்கொள்வோம். அந்த ஐந்து பேரும் எவ்வளவு சாதாரணமாகத் தோன்றினாலும் அவர்களே அடுத்து வர வேண்டியவர்கள். அதே அலமாரியில் மிக அழகான டிராகன் ஒன்று இருக்கலாம். ஆனால் அது களமிறங்கும் ஆட்டத்துக்கு முன்னதாக நாற்பது காலாட்களும் தேவை என்றால், டிராகனை முடித்த பின்னும் உங்களால் ஆட முடிவது எதுவும் மாறியிருக்காது.

பெட்டிகளை அழகின்படியோ வாங்கிய தேதியின்படியோ அடுக்கிப் பார்ப்பவர்கள் திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்து நிற்பதைக் கண்டிருக்கிறேன். எல்லாப் பெட்டியும் அழகாகத்தான் இருக்கும். அழகைப் பார்த்துத்தானே வாங்கினோம். "எது கூடிவரும்" என்று கேட்கும்போது மட்டுமே பெட்டிகளுக்குள் உண்மையான வேறுபாடு தெரியத் தொடங்குகிறது. ஆட்டமே ஆடாமல் தீட்டுவதற்காக மட்டும் வாங்குபவருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். அவருக்குக் கூடிவருவது புதிதாகக் கற்கும் ஒரு நுட்பமாகவோ, காட்சிக்கு வைக்கும் வரிசையில் நிரம்பாமல் இருந்த ஓரிடமாகவோ இருக்கும்.

கட்டுவதையும் தீட்டுவதையும் ஒரே முடிவாக எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது என்பதே என் உறுதியான கருத்து. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

பாகங்களை வெட்டி ஒட்டுவது விரைவான வேலை. ஓர் அமர்வில் பத்து மாடல்களை நிற்க வைத்துவிடலாம். தீட்டுவது மெதுவான வேலை. இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்யாவிட்டால், விரைவானது மெதுவானதைத் தாண்டி வெகுதூரம் ஓடிவிடும். ஒருமுறை விடுமுறை நாட்களில் அறுபது ஈட்டி வீரர்களை ஒரே மூச்சில் ஒட்டி முடித்தேன். அவர்களுக்கு வண்ணம் தீட்டி முடிக்க இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் பதினான்கு ஈட்டிகளின் முனைகள் உடைந்தன. படைக்கு நான் எண்ணியிருந்த ஆயுத அமைப்பும் மாறிப்போனது. கட்டாத மாடல், பாகங்கள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலேயே தட்டையாகவும் பத்திரமாகவும் இருக்கும். கட்டிய மாடலோ இடத்தை அடைக்கும், தூசி பிடிக்கும், உடையும்.

இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலான பிளாஸ்டிக் கிட்களில் ஒரே வீரனுக்கு வாள், கோடரி, துப்பாக்கி என மாற்று ஆயுதங்கள் வருகின்றன. ஒட்டும் கணத்தில் அந்தத் தேர்வு முடிந்துபோகிறது. சில ஆட்டங்களில் மாடலின் கையில் எந்த ஆயுதம் தெரிகிறதோ அதுதான் அதன் ஆயுதம் என்ற நடைமுறை இருப்பதால், ஆட்டத்தை நன்றாகப் புரிந்துகொள்ளும் முன்பே எல்லாவற்றையும் ஒட்டுவது பின்னால் வருத்தம் தரும்.

கட்டும்போதே தீட்டுவதையும் நினைக்க வேண்டியிருக்கிறது. மார்புக்குக் குறுக்கே பிடித்த துப்பாக்கி, உடலை மூடும் கேடயம், குதிரைமேல் அமர்ந்த வீரன் ஆகியவற்றை முழுதாக ஒட்டிவிட்டால் பின்னாலிருக்கும் பகுதிக்குள் தூரிகை நுழையாது. இவற்றைத் தனித்தனியாகத் தீட்டிப் பிறகு சேர்ப்பதே நல்லது. அப்போது ஒட்ட வேண்டிய முகப்புகளில் வண்ணம் படாமல் மறைத்து வைக்க வேண்டும், அல்லது ஒட்டும் முன் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பிளாஸ்டிக் பசை பிளாஸ்டிக்கையே சற்றுக் கரைத்து இரு பாகங்களையும் ஒன்றாக்குவதால், நடுவே வண்ணப்படலம் இருந்தால் அது பிடிக்காது. ஆகவே, இந்த மாதம் உண்மையில் தீட்டப்போகும் மாடல்களை மட்டும் கட்டுங்கள்.

ஆட்டத்துக்கு ஆட்டம் எத்தனை மாடல்கள் தேவைப்படும்?

வேறுபாடு மிகப் பெரியது. ஒரு படையை முடிப்பது எவ்வளவு தூரம் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தீட்டும் வேகம் அன்று, தேர்ந்தெடுத்த ஆட்டமே.

1984இல் பேட்டில்டிராய்ட்ஸ் என்ற பெயரில் முதலில் வெளிவந்த பேட்டில்டெக் ஆட்டத்தில் நான்கு இயந்திர வீரர்கள் இருந்தாலே ஓர் அணி அமைந்துவிடும். ஃப்ராஸ்ட்கிரேவில் ஒரு மந்திரவாதி, ஒரு சீடர், அதிகபட்சம் எட்டுக் கூலிவீரர்கள் என மொத்தம் பத்துப் பேர்தான். பிளட் பவுல் அணிக்குக் களத்தில் 11 பேர் வேண்டும். பட்டியலில் 16 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். சாகா ஆட்டத்தில் படையின் அளவைப் புள்ளிகளால் கணக்கிடுவார்கள்; ஒரு புள்ளிக்கு 4 மெய்க்காவலர்கள், அல்லது 8 போர்வீரர்கள், அல்லது 12 குடிப்படையினர் கிடைப்பார்கள். ஆறு புள்ளிப் படை என்றால் தலைவனைத் தவிர்த்து 24 பேரிலும் முடியும், 72 பேர் வரையிலும் போகும். பழங்காலப் போர்களுக்கான டி.பி.ஏ. விதிகளில் ஒவ்வொரு படைக்கும் 12 துண்டுகள், அதாவது உருவங்களை ஒட்டிய சிறு தட்டுகள், மட்டுமே; ஒரு துண்டின்மேல் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு உருவங்கள் நிற்கும். வார்ஹேமர் 40,000 ஆட்டத்தின் முழு அளவான 2,000 புள்ளிப் படையோ, பெரிய இயந்திரங்களைக் கொண்டதாக இருந்தால் கைவிரல்களால் எண்ணிவிடும் அளவிலும், காலாட்களால் நிறைந்ததாக இருந்தால் நூற்றைத் தாண்டியும் இருக்கும்.

எனவே, பெரிய படையைச் சேர்த்து வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று திகைத்து நிற்பவருக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்களிடம் ஏற்கெனவே உள்ள மாடல்களில் பத்து மட்டும் போதுமான ஒரு சிற்றாட்டத்தைக் கண்டுபிடித்து அந்தப் பத்தையும் முதலில் முடியுங்கள். பல சிற்றாட்டங்கள் எந்த நிறுவனத்தின் மாடலையும் ஏற்கின்றன. பின்னால் பெரிய படைக்குப் போகும்போது அதே பத்துப் பேர் அதில் ஓர் அணியாக நிற்பார்கள். பத்து மாடல் தொலைவில் ஓர் எல்லைக்கோடு தெரிவதும் நூறு மாடல் தொலைவில் தெரிவதும் மனத்தளவில் ஒன்றே அல்ல.

பாதியில் நிற்பவற்றை முடித்துவிட்டுத்தான் புதியதைத் தொடங்க வேண்டுமா?

பெரும்பாலும் ஆம். பாதி தீட்டிய அணியில் கடினமான வேலைகள், அதாவது கட்டுதல், ப்ரைமர் (வண்ணம் பிடிக்க உதவும் அடிப்பூச்சு) அடித்தல், நிறத்திட்டம் முடிவு செய்தல், பெரிய பரப்புகளை நிரப்புதல் ஆகியவை முடிந்திருக்கும். மீதமுள்ள நேரம் குறைவு. கிடைக்கும் பயனோ முழு அணி.

ஆனால் அது ஏன் பாதியில் நின்றது என்று முதலில் கண்டறிய வேண்டும். நேரமின்மையால் நின்றிருந்தால் நேராக எடுத்துத் தொடரலாம். ஏதோ ஒரு படி கடினமாக இருந்ததால் நின்றிருந்தால், பெரும்பாலும் கண்களோ, கோடுகளிட்ட துணியோ, சிறு இலச்சினையோதான் காரணமாக இருக்கும். அந்தப் படியை எளிதாக்கியோ விட்டுவிட்டோ முடித்துவிடுங்கள். ஓர் அடி தூரத்தில் ஆடும்போது தலைக்கவச நிழலுக்குள் இருக்கும் கண்களை யாரும் பார்ப்பதில்லை. நிறத்திட்டமே பிடிக்காமல் போனதால் நின்றிருந்தால் நிலைமை வேறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

தேவை ஓர் அணியின்மேல் இருக்கிறது, ஆசை வேறொரு மாடலின்மேல் இருக்கிறது. எதைக் கேட்பது?

ஆசைப்பட்டது ஒற்றை மாடலாக இருந்தால் தயங்காமல் அதைத் தீட்டுங்கள். ஓரிரு மாலைகள் மட்டுமே எடுக்கும் அந்த வேலை, இருபது காலாட்களுக்குப் பிறகு சோர்ந்த கையைப் புதுப்பிக்கும். ஆசை எப்போதும் அதே சூட்டில் இருப்பதில்லை. இன்று எடுக்கத் துடிக்கும் மாடலை ஆறு மாதம் தள்ளிப்போட்டால், பிறகு அதுவும் குவியலில் ஒன்றாகிவிடும்.

ஆசைப்பட்டது புதிய படையாக இருந்தால்தான் எச்சரிக்கை வேண்டும். அதற்கென்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். புதிய படையிலிருந்து ஒரே ஒரு சாதாரண வீரனைக் கட்டி முழுதாகத் தீட்டி முடிப்பேன்; தலைவனையோ கொடி ஏந்தியவனையோ எடுக்க மாட்டேன். அந்த ஒருவனை மேசைமேல் வைத்துவிட்டுப் பழைய அணிக்குத் திரும்புவேன். மூன்று வாரங்களுக்குப் பிறகும் அவனைப் பார்க்கும்போது இன்னும் பத்துப் பேர் வேண்டும் என்று தோன்றினால் அந்தப் படை உண்மையாகவே எனக்கு வேண்டியது. தோன்றாவிட்டால் ஒரு மாடலோடு அது நிறைவுபெற்றது. அதில் எந்த இழப்பும் இல்லை.

படைத்தலைவனை முதலில் தீட்டுவதா, வீரர்களை முதலில் தீட்டுவதா?

வீரர்களை முதலில் தீட்டுங்கள். பத்தாவது வீரனைத் தீட்டும் கை, முதல் வீரனைத் தீட்டிய கையைவிட அந்த நிறத்திட்டத்தை நன்றாக அறிந்திருக்கும். எல்லோரும் உற்றுப் பார்க்கப்போகும் தலைவனுக்கு அந்தத் தேர்ந்த கைதான் தகுதி. அதோடு, ஓர் அணியை முடித்ததற்கான பரிசாகத் தலைவன் காத்திருப்பது வேலையை நகர்த்தும் விசையாகவும் இருக்கிறது.

முதல் சோதனை வீரனைத் தீட்டும்போது, எந்த இடத்துக்கு எந்த நிறம், எத்தனை பூச்சு, எந்த வாஷ் (பள்ளங்களில் தேங்கி நிழல் தரும் நீர்த்த வண்ணம்) என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஓராண்டு கழித்து அதே படையில் இன்னோர் அணி சேர்க்க நேர்ந்தால், அந்தத் தாள் இல்லாமல் அதே சிவப்பைத் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம்.

ஒரே மாதிரி இருபது வீரர்கள். எல்லோரையும் சேர்த்துத் தீட்டலாமா?

இருபதை ஒன்றாக எடுத்தால் ஒரு நிறத்தை முடிப்பதற்குள் அமர்வே முடிந்துவிடும். மூன்று நாள் வேலை செய்தபின்னும் எதுவும் முடிந்ததாகத் தோன்றாது. ஒவ்வொன்றாக எடுத்தால் வண்ணப் புட்டிகளைத் திறந்து மூடுவதிலும், முந்தையது காயும்வரை காத்திருப்பதிலும் நேரம் போய்விடும். ஐந்து முதல் எட்டு வரை எடுப்பது எனக்குச் சரியாக இருக்கிறது. ஐந்தாவது வீரனின் கால்சட்டையை முடிக்கும்போது முதல் வீரனுடையது காய்ந்திருக்கும்.

முடிவெடுப்பதற்கு உதவும் ஒரு கணக்கையும் இங்கே சொல்ல வேண்டும். சோதனை வீரனைத் தீட்டும்போது நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவனுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்றால் இருபது பேருக்கு முப்பது மணி நேரம். வாரத்துக்கு நான்கு மணி நேரம் கிடைப்பவருக்கு அது ஏறக்குறைய எட்டு வாரம். சேர்த்துத் தீட்டுவதால் கொஞ்சம் குறையலாம். ஆனாலும் அடுத்த மாதம் ஆட வேண்டிய ஆட்டத்துக்கு அந்த அணி வராது என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிடுகிறது. அப்போது இரண்டு வழிகள் உண்டு: வேறொரு சிறிய அணியை எடுக்கலாம், அல்லது முறையை மாற்றலாம்.

முறையை மாற்றுவது என்றால், வெளிர் நிற ப்ரைமரின்மேல் ஒரே பூச்சில் நிறத்தையும் நிழலையும் தரும் வண்ணங்களைப் பயன்படுத்துவது. வார்ஹேமர் நிறுவனத்தின் வண்ண வரிசையான சிட்டாடல் 2019இல் கான்ட்ராஸ்ட் என்ற பெயரில் இவற்றை வெளியிட்ட பிறகு மற்ற நிறுவனங்களும் இதே வகையில் பல வரிசைகளைக் கொண்டுவந்தன. கறுப்பு ப்ரைமர் அடித்து, சாம்பல் நிறத்தையும் வெள்ளையையும் உலர் தூரிகையால் (வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்தெடுத்த தூரிகையால்) மேடான இடங்களில் தேய்த்து, அதன்மேல் இவற்றைப் பூசினால், மடிப்புகள் நிறைந்த துணியும் சங்கிலிக் கவசமும் உரோமமும் வேகமாக உருப்பெறும். பெரிய வழுவழுப்பான தகட்டுப் பரப்புகளில் இவை திட்டுத்திட்டாகத் தேங்கும் என்பதால், தட்டையான கவசம் அணிந்த படைக்கும் வண்டிகளுக்கும் இதை நான் பரிந்துரைப்பதில்லை. ஆக, எந்த அணி அடுத்தது என்ற கேள்விக்குள், எந்த அணியின் மேற்பரப்பு எந்த முறைக்கு இணங்கும் என்ற கேள்வியும் அடங்கியிருக்கிறது.

பெரிய மாடல்களையும் வண்டிகளையும் எப்போது எடுப்பது?

இரண்டு காலாட்படை அணிகளுக்கு நடுவே எடுங்கள். பெரிய பரப்பு, குறைந்த நுணுக்கம், ஒற்றை உருவம் என எல்லாவற்றிலும் மாறுபட்டிருப்பதால் அது ஓய்வு போலவே இருக்கும். சேறும் துருவும் கீறல்களும் சேர்த்தால் வண்டிகளில் பல பிழைகள் மறைந்துவிடும். பெரிய மிருகத்தின் தோலிலோ, விரிந்த சிறகுகளிலோ அப்படி மறைக்க இயலாது. நிறம் நிறத்தோடு மெதுவாகக் கலந்து செல்ல வேண்டும். அந்தப் பயிற்சி வந்த பிறகே டிராகனை எடுங்கள்.

பிளாஸ்டிக், ரெசின், உலோகம் என்ற வேறுபாடு வரிசையைப் பாதிக்குமா?

பாதிக்கும். பிளாஸ்டிக்கை எந்த மாலையிலும் எடுத்து உட்காரலாம். அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிசினான ரெசினுக்கு முன்னேற்பாடு வேண்டும். அச்சிலிருந்து எளிதாகப் பிரிவதற்காகப் பூசப்பட்ட எண்ணெய்ப்பசை மேற்பரப்பில் இருப்பதால் சோப்பு நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். வளைந்த வாளையும் கம்பையும் சூடான நீரில் நனைத்து நிமிர்த்த வேண்டும். ரெசினைத் தேய்க்கும்போது எழும் தூசு நுரையீரலுக்குத் தீங்கானது. முகக்கவசம் அணிந்து, நீரில் நனைத்தே தேய்க்க வேண்டும், படுக்கையறையில் செய்யக்கூடாது. முப்பரிமாண அச்சில் உருவான ரெசின் மாடலாக இருந்தால், புற ஊதா ஒளியில் முழுதாக இறுகும்வரை வெறும் கையால் தொடாதீர்கள். உலோக மாடல்களின் கைகளும் சிறகுகளும் கனமானவை. சூப்பர் குளூ மட்டும் நெடுநாள் தாங்காது, துளையிட்டுக் கம்பி செருக வேண்டும். பிளாஸ்டிக் பசை இவ்விரண்டிலும் வேலை செய்யாது.

காலநிலையும் உண்டு. ஈரப்பதம் மிகுந்த நாளில் ஸ்ப்ரே ப்ரைமர் அடித்தால் மேற்பரப்பு சொரசொரப்பாகவோ தூள் படிந்தது போலவோ ஆகும். வார்னிஷ் என்றால் வெண்மையாக மங்கிவிடும். முடிந்துபோன ஓர் அணியின்மேல் மழை மாலையில் வார்னிஷ் அடித்து, எட்டுக் குதிரை வீரர்களும் பனி மூடியதுபோல் வெளுத்ததைப் பார்த்த பிறகு, வறண்ட நாட்களில் அடுத்த இரண்டு மூன்று அணிகளுக்குச் சேர்த்தே ப்ரைமர் அடித்து வைக்கிறேன். இது, தீட்டப்போவதை மட்டும் கட்டு என்று நான் மேலே சொன்னதற்கு ஒரே விதிவிலக்கு. தூரிகையால் பூசும் ப்ரைமர் இருந்தால் இந்த விதிவிலக்கும் தேவைப்படாது.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. இன்று வலுவாக உள்ள அணியைத் தீட்டினால் நாளை பயனற்றுப் போகாதா?

போகக்கூடும். வார்ஹேமர் 40,000 விதிகளின் புதிய பதிப்புகள் 2014, 2017, 2020, 2023 ஆகிய ஆண்டுகளில் வந்தன. அதாவது மூன்றாண்டுக்கு ஒருமுறை. பதிப்புகளுக்கு இடையிலும் புள்ளி மதிப்புகள் மாற்றப்படுகின்றன. தீட்டி முடிக்க மூன்று மாதம் ஆகும் அணியை அதன் இன்றைய வலுவுக்காகத் தேர்ந்தெடுத்தால், முடிக்கும்போது அந்த வலு இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே வலுவைக் காரணமாகக் கொள்ளாதீர்கள். எந்தப் பதிப்பிலும் அந்தப் படைக்கு இன்றியமையாத அடிப்படைக் காலாட்கள், ஒரு தலைவன், ஒரு வண்டி ஆகியவற்றையும், விதி எப்படி மாறினாலும் மேசையில் பார்க்க நீங்கள் விரும்பும் உருவங்களையும் முதலில் முடியுங்கள்.

ஆயுதங்களைப் பொறுத்தவரை காந்தம் உதவும். 2 அல்லது 3 மி.மீ. விட்டமுள்ள நியோடிமியம் காந்தங்களைத் தோளிலும் கையிலும் பதித்தால் ஆயுதத்தை மாற்றிக்கொண்டே ஆடலாம். ஒட்டுவதற்கு முன் காந்த முனைகளின் திசையை ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். ஆனால் இருபது சாதாரண வீரர்களுக்கெல்லாம் காந்தம் வைப்பது நேரத்துக்குத் தகாத உழைப்பு. வண்டிக்கும் பெரிய உருவத்துக்கும் மட்டும் போதும்.

மாடல் நிற்கும் அடித்தட்டும் இந்தக் கணக்கில் வரும். பழைய வார்ஹேமர் கற்பனைப் போர் ஆட்டத்தில் படைகள் சதுர அடித்தட்டுகளில் நெருக்கமாக அணிவகுத்தன. 2015இல் அதன் இடத்துக்கு வந்த ஏஜ் ஆஃப் சிக்மார் வட்ட அடித்தட்டுகளைக் கொண்டுவந்தது. 2024 ஜனவரியில் வெளிவந்த தி ஓல்ட் வேர்ல்டு சதுரத்துக்கே திரும்பியது. ஆனால் முன்பு 20 மி.மீ. தட்டில் நின்ற மனித வீரர்கள் இப்போது 25 மி.மீ. தட்டில் நிற்க வேண்டும். இரண்டு ஆட்டங்களுக்கும் பொதுவாக ஓர் அணியை வைத்திருக்க நினைப்பவர், வீரனைத் தட்டோடு நிரந்தரமாக ஒட்டி, மணல் தூவி, புல் பதிப்பதற்கு முன் எந்த ஆட்டம் என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

வரலாற்றுப் படைகளுக்கு இந்த வரிசை பொருந்துமா?

பொருந்தும், ஆனால் அங்கே ஆண்டை முடிவு செய்யாமல் எந்தப் பெட்டியையும் திறக்கக்கூடாது. நெப்போலியனின் பிரெஞ்சுக் காலாட்படைக்கு 1812இல் புதிய சீருடை விதிமுறை வந்தது. பின்னால் நீண்டு தொங்கிய வால் கொண்ட கோட்டுக்குப் பதிலாக, முன்பக்கம் இடுப்புவரை மூடிய குட்டையான கோட்டு வந்தது. ஆகவே 1809ஆம் ஆண்டு வாக்ராம் போருக்கான படையும் 1815ஆம் ஆண்டு வாட்டர்லூவுக்கான படையும் ஒரே பெட்டியிலிருந்து சரியாக வராது. இரண்டாம் உலகப் போரின் சோவியத் படை இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 1943 ஜனவரியில்தான் தோள்பட்டைச் சின்னங்கள் மீண்டும் நடைமுறைக்கு வந்தன. 1942ஆம் ஆண்டின் ஸ்டாலின்கிராட் தெருக்களில் போரிடும் படையை விரும்புபவர் தோள்பட்டைச் சின்னம் செதுக்கிய மாடல்களைக் கட்டத் தொடங்கினால், பிழை தெரியவரும்போது முப்பது பேர் தீட்டி முடிந்திருப்பார்கள்.

எதிரியைப் பற்றியும் யோசியுங்கள். கற்பனை ஆட்டங்களில் எதிரே நிற்பவரிடம் ஏதாவதொரு படை இருக்கும். அவ்வளவாக யாரும் ஆடாத ஒரு வரலாற்றுக் காலத்தைத் தேர்ந்தெடுத்தால் இரு பக்கப் படைகளையும் நீங்களே தீட்ட வேண்டி வரலாம். அப்படியானால் ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கத்தைத் தொடங்குவதைவிட, இரு பக்கத்திலும் ஓர் அணிக்கு ஓர் அணி என முன்னேறுவதே நல்லது. நான்கு அணிகள் முடிந்த நிலையிலேயே ஒரு சிறு மோதலை ஆடிவிடலாம். ஏறக்குறைய 28 மி.மீ. உயரமுள்ள உருவங்களுக்குப் பதிலாக 15 மி.மீ. அல்லது 6 மி.மீ. உருவங்களை எடுப்பதும் இத்தகைய இருபடை வேலைக்கு மிகவும் ஏற்றது. 6 மி.மீ. வீரனுக்கு முகம் தீட்ட வேண்டியதில்லை. கூட்டமாகப் பார்த்தால் படையின் நிறம் தெரிந்தால் போதும்.

நிறத்திட்டம் பிடிக்காமல் போய்விட்டது. கழுவிவிட்டு மீண்டும் தொடங்கலாமா?

மூன்று நான்கு மாடல்கள் என்றால் தொடங்கலாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து மென்மையான பல்துலக்கியால் தேய்த்தால் அக்ரிலிக் வண்ணம் பிளாஸ்டிக்கிலிருந்து நீங்கும். அசிட்டோனைப் பிளாஸ்டிக்கின் அருகில்கூடக் கொண்டு போகாதீர்கள், மாடலே கரைந்துவிடும். முப்பது மாடல்கள் முடிந்த பிறகு மனம் மாறியிருந்தால், அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் புதிய அணிகளில் நிறத்தைச் சிறிது சிறிதாக நகர்த்துவதையே சொல்வேன். அடித்தட்டுகள் எல்லாம் ஒரே மண்ணும் ஒரே புல்லுமாக இருந்தால் படை ஒன்றாகவே தெரியும்.

எப்போது ஒன்றை "முடிந்தது" என்று அடித்துவிடலாம்?

எல்லாப் பகுதிக்கும் நிறம், ஒரு நிழல், முடித்த அடித்தட்டு. இந்த மூன்றும் இருந்தால் அணி முடிந்தது, அடுத்ததற்குப் போகலாம். வார்ஹேமர் 40,000 ஆட்டத்தின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு, ஏறக்குறைய இதே தரத்தில் தீட்டப்பட்ட முழுப் படைக்கு ஆட்டத்தில் பெறக்கூடிய 100 வெற்றிப் புள்ளிகளில் 10 புள்ளிகளைத் தந்தது. அடித்தட்டை மட்டும் பின்னால் செய்துகொள்ளலாம் என்று விடாதீர்கள். வெறும் கறுப்புத் தட்டில் நிற்கும் நேர்த்தியான வீரனைவிட, மணலும் புல்லும் பதித்த தட்டில் நிற்கும் சுமாரான வீரன் மேசையில் நன்றாகத் தெரிவான்.

புதிய பெட்டி வாங்கலாமா?

அது கையில் உள்ள ஓர் அணியை ஆடத்தக்க படையாக நிறைவு செய்தால் வாங்கலாம். மற்றபடி, இப்போதைய அணி முடியும்வரை பொறுக்கலாம்.

நிலப்பரப்பும் இந்த வரிசையில் சேருமா?

கட்டாயம் சேரும், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. இரண்டு படைகளையும் அருமையாகத் தீட்டி முடித்து, வெறும் மேசைமேல் புத்தகங்களைக் குன்றுகளாக அடுக்கி ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். பாதி உழைப்பு அங்கே கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஆட்டமும் அதனால் கெடும்: மறைவிடம் இல்லாத மேசையில் தொலைவிலிருந்து சுடும் படையே வெல்லும், நெருங்கிச் சண்டையிடும் படை பாதி தூரம் வருவதற்குள் அழிந்துவிடும்.

இரண்டு குன்றுகள், இரண்டு சிறு தோப்புகள், பார்வையை முழுதாக மறைக்கும் ஒரு கட்டடம், சில தாழ்வான சுவர்கள் ஆகியவை ஒரு சிற்றாட்டத்துக்குப் போதும். நுரைப் பலகையும் மரப்பட்டையும் மணலும் கொண்டு இவற்றைச் செய்யலாம். ஆனால் நுரைப் பலகையின்மேல் நேரடியாக ஸ்ப்ரே அடிக்க வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் நுரையை அரித்துவிடும், முதலில் பசை கலந்த வண்ணத்தைத் தூரிகையால் பூச வேண்டும். உலர் தூரிகைப் பயிற்சிக்குக் கல்சுவரைவிட நல்ல இடமில்லை. இரண்டு அணிகளுக்கு நடுவே ஒரு நிலத்துண்டு என்ற வரிசையை நான் இப்போது கடைப்பிடிக்கிறேன். கண்ணுக்கு வேலை குறைவு என்பதால் களைத்த மாலைகளிலும் அதைச் செய்ய முடிகிறது. அடுத்த அணியின் ப்ரைமர் காயும் நேரத்தில் ஒரு சுவர் முடிந்துவிடுகிறது.